பேட்டிங் டீம் அம்பயர்

கடலூர் சில்வர் பீச் மணலிலும் சிதம்பரத்துத் தெருக்களிலும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்கு எம்.சி.சி.யின் 42 விதிகள் ஒத்துவராது. அடுத்த வீட்டுக்குள் பந்து போனால் அவுட்; போய் எடுத்து வர வேண்டியவனும் அடித்தவனே. ஒன் பிட்ச் கேட்ச் உண்டா, இல்லையா? டாஸுக்கு முன்பே வாய்மொழியில் முடிவாகிவிடும்.

இதில் ரசிக்க வேண்டியது அம்பயரை. பேட்டிங் அணியின் ஆள்தான் நிற்பான். கொஞ்சம் தன் பக்கம் சாய்வான், சாயட்டும். ரொம்பச் சாய்ந்தால், அடுத்த இன்னிங்ஸில் அதே இடத்தில் எதிரணிக்காரன் நிற்பான் என்பது அவனுக்குத் தெரியும். வம்புக்கு இடமான எல்.பி.டபிள்யூ. பெரும்பாலும் ஆட்டத்திலேயே கிடையாது. கெட்டிக்காரத்தனம்!

இப்படி ஆடுகிறவர்களே தங்களுக்குள் தீர்ப்புச் சொல்லிக்கொள்வது இணையத்தில் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் பாவெல் கர்டிஸ் 1990இல் தொடங்கிய எழுத்துவழி விளையாட்டுலகம் லாம்ப்டாமூ. அதன் நிர்வாகிகளுக்கு ‘மந்திரவாதிகள்’ என்று பெயர். பஞ்சாயத்து பண்ணி அலுத்து, 1992இல் ஒதுங்கிக்கொண்டார்கள். பிறகு மனு, வாக்கெடுப்பு, ஓயாத சண்டை. 1996இல் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சர்வர் அவர்கள் கையில்தானே இருந்தது.

தெருவில் அந்த அந்தஸ்து பேட்டுக்குச் சொந்தக்காரனுக்கு. முதல் பந்தில் அவன் போல்டானால் அது ட்ரையல் பால்.