ஹார்டியின் இரங்கற் கவிதைகள்: பிரசன்னமும் கழிவிரக்கமும்

துணையை இழந்த முதியோர், இறந்தவர் இன்னும் தம்மருகே இருப்பதாக உணர்தல் பேய்க்கதைக்கு மட்டும் உரிய விடயமன்று. மத்திய வேல்சில் துணையிழந்த 293 பேரை வினவி, டெவி றீஸ் என்னும் மருத்துவர் 1971 இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுள் ஏறக்குறைய அரைவாசிப்பேர் இத்தகைய அனுபவமுடையோர் எனக் காட்டிற்று. பெரும்பாலானோர் அதனை எவரிடமும் கூறியிருக்கவில்லை. மகிழ்ச்சியான இல்லறம் நடத்தியோரிடத்தே இவ்வனுபவம் மிகுந்திருந்தது என்பதும் அவர் கண்ட முடிபாகும். இம்முடிபுக்கு முரணாகத் தோன்றுவன, தோமஸ் ஹார்டி தம் மனைவி எம்மாவை நினைந்து பாடிய '1912-13 கவிதைகள்'.

எம்மா 1912 நவம்பரில் இறந்தபோது இருவருக்கும் வயது 72. முப்பத்தெட்டு ஆண்டு மணவாழ்வின் பிற்பகுதியில் அவர்கள் ஒரே வீட்டில் அந்நியராகவே வாழ்ந்தனர். எம்மா மேல்மாடத்து அறைகளில் ஒதுங்கியிருந்தார். ஆயினும் மரணத்தின் பின்னர் ஹார்டி அவரைத் தேடினார். 1870 இல் தாம் முதன்முதல் அவரைச் சந்தித்த கோர்ன்வால் கடற்கரைக்கு 1913 மார்ச்சில் மீண்டும் சென்றார். 1914 இல் நூலுருப் பெற்ற இக்கவிதைகளில் பல அப்பயணத்தின் பேறாகும்.

இவற்றை ஆவி நம்பிக்கையின் வெளிப்பாடாகக் கொள்ளுதல் பொருந்தாது. 'குரல்' என்னும் கவிதையில், தன்னை அழைப்பவள் மனைவிதானா, ஈரப்புல்வெளி கடந்துவரும் காற்றுத்தானா எனக் கவிஞர் ஐயுறுகிறார். அவ்வையம் தீர்வதில்லை, இறுதிச் செய்யுளில் சந்தமே முறிந்து தடுமாறுகின்றது. நம்பவியலாத ஒருவர் நம்ப விழைவதன் தத்தளிப்பு அது. 'தொடர்ந்து வருபவள்' என்னும் கவிதையில் பேசுபவள் இறந்த மனைவியே. அவள் கணவனைப் பின்தொடர்கிறாள். அவனோ அவளது சொற்களைக் கேட்கவியலாதவன். கேளாத அச்சொற்களை எழுதியவர் அக்கணவரே என்பதில்தான் இக்கவிதையின் துயரம் முழுவதும் அடங்கியுள்ளது.

ஆனால் இங்கு ஒரு வினாவை நாம் தவிர்த்தல் இயலாது. மீண்டு வருபவள் எந்த எம்மா? பாறைகளினூடே அவரை அழைத்துச் செல்பவள் 1870 இன் இளம்பெண். மேல்மாடத்தில் தனித்திருந்த முதியவள் அல்லள். தான் மாறிப்போன நிலையில் அன்றித் தொடக்கத்தில் இருந்தவாறே அவள் பேசுவதாகக் 'குரல்' கவிதையே ஒப்புக்கொள்கின்றது. இறந்தவள் முறையிடவும் இல்லை. கவிஞர் அவளுக்கு அளித்த குரல் மன்னிக்கும் குரலாகவே ஒலிக்கின்றது. இதனைக் கவிதையின் குறை என்பதா? நான் அவ்வாறு கருதவில்லை. 'ஒரு பயணத்தின் பின்' என்ற கவிதையில், இருவரிடையே நேர்ந்த பிளவையும் கவிஞர் மறைக்காது சுட்டுகிறார். ஆயினும் உயிரோடிருந்தவளுக்கு வழங்கத் தவறிய செவியை இறந்தவளுக்கு வழங்குதல் ஈடாகாது என்ற உண்மை, அவர் வெளிப்படச் சொன்னதினும் கூடுதலாகவே இக்கவிதைகளிற் புலப்படுகின்றது.

மனைவியை இழந்த கணவனின் நிலையைத் தொல்காப்பியர் தபுதார நிலை எனக் காஞ்சித் திணையில் வகுத்தார். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் புறநானூற்றுப் பாடல் (245) ஈமத்தீயுடன் நின்றுவிடுகின்றது. அவள் மாண்டபின்னும் தான் வாழ்வதே அவனுக்கு வியப்பு. அங்கே மனைவி திரும்பி வருவதில்லை. ஹார்டியிடத்து அவள் வருகிறாள். அவளுடன் கடனும் வருகின்றது. அன்பின் நிறைவினால் மட்டுமன்றி, அன்பின் நிலுவையினாலும் இறந்தோர் நம்முடன் தங்குவர் என்பதே இக்கவிதைகள் நமக்குணர்த்தும் பேருண்மையாகும்.