திறக்கத் தெரிந்தால் போதுமா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் புதிய பாடத்திட்டத்தின்படி 2019-இல் வெளிவந்தது. பைத்தான் மொழி வழியே தரவுதளத்தைக் கையாளும் முறையை அது எளிமையாகக் கற்பிக்கிறது. இது பாராட்டுக்குரியது. ஆயினும் ஒரு குறை உண்டு. இணைப்பைத் திறப்பதையும், கர்சர் கொண்டு பதிவுகளைப் பெறுவதையும் விளக்கும் நூல், அவற்றை ஏன் மூடவேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை.

காரணம் புரிகிறது. நூல் எடுத்துக்கொண்ட எஸ்.கியூ.லைட், மாணவரின் கணினியிலேயே ஒரு கோப்பாக இருப்பது. நிரல் முடிந்ததும் இயக்க அமைப்பே யாவற்றையும் மூடிவிடும். தவறு வெளியே தெரியாது.

தரவுதளம் தொலைவில் இருந்தால்? எங்கள் தேவாரத்துக்கு அருகிலுள்ள போடிநாயக்கனூரை எண்ணிப் பாருங்கள். 2021 நவம்பரில் நறுமணப் பொருள் வாரியம், போடியையும் கேரளத்தின் புற்றடியையும் இணைத்து ஏலக்காய் மின்னேலம் தொடங்கியது. இரண்டு ஊர் வணிகரும் ஒரே சமயத்தில் விலை கேட்கும் ஏற்பாடு அது. அதுபோன்ற ஓர் ஏலத்துக்கு நம் மாணவர் நிரல் எழுதுவதாகக் கொள்வோம்.

போஸ்ட்கிரெஸ் தரவுதளம், நாம் மாற்றாதவரை, 100 இணைப்புகளையே ஏற்கும். வணிகர் 40 பேர். சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் புதிய இணைப்பு, பழையது மூடப்படுவதில்லை. இரண்டு சுற்றில் 80 ஆகிவிடும். மூன்றாம் சுற்றில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இடமிராது. போட்டி குறைந்தால், காய் விளைவித்தவருக்கு வரும் விலையும் குறையுமல்லவா?

கர்சரை மட்டும் மூடினால் போதாதா? போதாது. நூலகத்தில் பக்கத்தைக் காட்டும் அடையாளச் சீட்டுப் போன்றது கர்சர். அமர்ந்திருக்கும் நாற்காலி போன்றது இணைப்பு. சீட்டை எடுத்ததால் நாற்காலி காலியாகாது. சீட்டுக்கும் வரம்பு உண்டு: ஆரக்கிளில் ஓர் அமர்வுக்கு 50 கர்சர்கள் என்பதே இயல்பான அளவு. ஆகவே இரண்டையும் மூடவேண்டும். பைத்தானில் அவ்வரிகளை 'ஃபைனலி' பகுதியில் எழுதினால், இடையில் பிழை நேர்ந்தாலும் அவை இயங்கும்.

மலையில் மழை பெய்து கம்பி அறுந்தால் மூடும் கட்டளையே போய்ச் சேராது. லினக்ஸ் கணினி வழக்கமாக 7,200 வினாடி, அதாவது 2 மணி நேரம் காத்த பிறகே மறுமுனை இருக்கிறதா என விசாரிக்கும். எனவே தரவுதளத்தின் பக்கமும் குறுகிய காலவரம்பு தேவை.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், அளவு எடுத்ததும் சாவியைக் கழற்றிவிடு என்று முதல் நாளே சொல்கிறோம். மின்கலம் வீணாகும் என்ற காரணத்தையும் சொல்கிறோம். கணினிப் பாடமும் அவ்வாறு சொல்லட்டும். அடுத்த பதிப்பில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.