அக்ரிங்டன் ஸ்டான்லியில் மூன்று பருவங்கள்

ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 என்னும் கால்பந்து வீடியோ விளையாட்டில் கேரியர் மோட் என்ற பகுதியைத் திறந்தவுடன், எந்தக் கழகத்தின் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளப் போகிறீர்கள் என்று திரை நம்மைக் கேட்கிறது. மான்செஸ்டர் சிட்டியும் ரியால் மாட்ரிடும் முன்வரிசையில் நின்று அழைக்க, அவற்றையெல்லாம் கடந்து, பிரீமியர் லீக்கிலிருந்து எண்ணினால் நான்காவது படியாகிய லீக் டூ வரையில் இறங்கிச் சென்று, அங்குள்ள 24 கழகங்களுள் அக்ரிங்டன் ஸ்டான்லி என்னும் சிறு கழகத்தை நான் தேர்ந்தெடுத்தேன். பிளேஸ்டேஷன் 5 கருவியில், நான்கு மாத காலம் மாலைதோறும் அக்கழகத்தை நடத்தி, மூன்று பருவங்களைப் பூர்த்தி செய்த அனுபவத்தைக் கொண்டே இவ்விமர்சனத்தை எழுதுகிறேன்.

அக்ரிங்டனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. லங்காஷயர் பிரதேசத்தில் பருத்தி ஆலைகளுக்கும் சிவந்த செங்கற்களுக்கும் பெயர் பெற்ற அந்த நகரத்துக்குக் கால்பந்தின் சரித்திரத்தில் விசேஷமான ஸ்தானம் இருக்கிறது. 1888ஆம் ஆண்டில் 12 கழகங்கள் ஒன்றுகூடி இங்கிலாந்தின் கால்பந்து லீக்கை ஸ்தாபித்தபோது, அந்நகரத்தைச் சேர்ந்த அக்ரிங்டன் கழகமும் அவற்றுள் ஒன்றாக விளங்கிற்று. அது மறைந்தபின், ஸ்டான்லி என்ற பெயரைத் தாங்கிய மற்றொரு கழகம் 1921இல் லீக்கில் இடம்பெற்று, நாற்பது ஆண்டுகள் ஆடி, கடைசியில் கடன்பாரம் தாங்கமாட்டாமல் 1962இல் பருவத்தின் நடுவிலேயே லீக்கை விட்டு விலகிற்று. 1968இல் அதே பெயரோடு புதிய கழகம் ஒன்று பிறந்து, கீழ்ப்படிகளில் கிடந்து உழைத்து, 2006இல் மறுபடியும் லீக்கினுள் பிரவேசித்தது. 1962இல் ஸ்டான்லி காலி செய்த இடத்தைப் பெற்ற ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட், 2006இல் லீக்கிலிருந்து கீழே இறங்க, அதே ஆண்டில் ஸ்டான்லி மேலே ஏறியது என்பது கால்பந்தை நேசிப்பவர்கள் நினைத்து நினைத்து வியக்கத்தக்க நிகழ்ச்சியாகும். ஜான் கோல்மன் என்னும் மேனேஜரின் தலைமையில் 2018இல் லீக் டூவின் பட்டத்தை வென்று லீக் ஒன்னுக்கு உயர்ந்த அக்கழகம், 2023இல் திரும்பவும் இறங்கியது. இறங்கிய அந்தக் கோடையில்தான் எஃப்சி 24 நம் கையில் சாவியைக் கொடுக்கிறது.

பொறுப்பை ஏற்குமுன் சில ஏற்பாடுகளை நாமே தீர்மானிக்கும்படி விளையாட்டு கேட்கிறது. அவற்றுள் ஒன்று, புதிய முதலாளி ஒருவர் கழகத்தை விலைக்கு வாங்கிக் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டினாற்போல் வைத்துக்கொள்ளும் வசதி. இதை ஒருபோதும் உபயோகிக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்; ஏனெனில், கீழ்ப்பிரிவில் ஆடுவதன் சாரமே பற்றாக்குறையில் இருக்கிறது. பற்றாக்குறையை நீக்கிவிட்டால், எஞ்சுவது மான்செஸ்டர் சிட்டிக்கு ஸ்டான்லியின் சிவப்புச் சட்டையை அணிவித்து ஆடுவதே ஆகும்.

அந்தப் பற்றாக்குறை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நூற்றுக்குள் ஒரு மதிப்பெண் உண்டு. மான்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்டுக்கு 91. ஆனால் லீக் டூவில் ஆடுகிறவர்களோ பெரும்பாலும் ஐம்பதுகளின் பிற்பாதியிலும் அறுபதுகளின் முற்பாதியிலுமே நிற்கிறார்கள். ஆட்டக்காரர்களை வாங்குவதற்கான தொகை ஒன்று, வாராந்தரச் சம்பளத்துக்கான தொகை ஒன்று என இரண்டு கணக்குகள் நமக்கு ஒப்படைக்கப்படுகின்றன. ஒன்றைக் குறைத்து மற்றொன்றைக் கூட்டிக்கொள்ளலாம். மாதக் கடைசியில் அரிசிக்கென்று வைத்த பணத்தை எண்ணெய்க்கும் எண்ணெய்க்கென்று வைத்ததை மருந்துக்கும் மாற்றி மாற்றி வைத்துக் குடும்பத்தைக் கரைசேர்க்கும் இல்லத்தரசியின் சாமர்த்தியம் இந்த இடத்தில் மேனேஜருக்கு வேண்டியிருக்கிறது.

முதல் கோடையில் நான் கற்ற பாடம், விலை கொடுத்து வாங்குவதைவிட விலையில்லாமல் பெறுவதற்கே புத்தி அதிகம் வேண்டும் என்பது. ஒப்பந்தம் முடிந்து எந்தக் கழகத்தையும் சேராமல் இருப்பவர்களுக்கு வாங்கும் விலை கிடையாது, சம்பளம் மட்டுமே. பெரிய கழகங்களில் இடம் கிடைக்காமல் காத்திருக்கும் இளைஞர்களை ஒரு பருவத்துக்கு இரவலாகப் பெறலாம். இவ்வாறு இரவல் வந்த ஓர் இளைஞனைக் கொண்டு நடுக்களத்தின் பலவீனத்தை மறைக்கலாம். ஆனால் அவன் பருவத்தின் முடிவில் தன் கழகத்துக்கே திரும்பிவிடுவான் என்பதையும், அவனுக்குக் கொடுத்த நிமிஷங்களெல்லாம் நம்முடைய சொந்த இளைஞன் ஒருவனுக்குக் கொடுக்காத நிமிஷங்கள் என்பதையும் மறக்கலாகாது. இன்றைய ஜயத்துக்கும் நாளைய வளர்ச்சிக்கும் இடையே ஏற்படும் இந்தப் போராட்டத்தைச் செல்வந்தக் கழகத்தின் மேனேஜர் உணர்வதே இல்லை.

இதைவிடக் கடினமான பரீட்சை ஜனவரி மாதத்தில் வருகிறது. பதினைந்து கோல் அடித்து நம்மை மேல்வரிசையில் நிறுத்திய முன்னணி ஆட்டக்காரரை, மேற்பிரிவுக் கழகம் ஒன்று நல்ல விலைக்குக் கேட்கிறது. விற்றால் மூன்று இடங்களில் உள்ள ஓட்டைகளை அடைக்கலாம். விற்காவிட்டால், ஏறத்தக்க வாய்ப்பு இந்தப் பருவத்திலேயே உண்டு. முதல் பருவத்தில் நான் விற்றேன். அந்தப் பணத்தில் ஒரு கோல்கீப்பரையும் இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களையும் வாங்கினேன். கோல் வாங்குவது குறைந்தது; அடிப்பதும் குறைந்தது. 46 ஆட்டங்களின் முடிவில் ஆறாம் இடத்தைப் பிடித்து, மேலே ஏறுவதற்கான பிளே-ஆஃப் போட்டியின் அரையிறுதியில் தோற்றோம். அன்று விற்றது சரியா தவறா என்று இன்றளவும் எனக்குள் விசாரணை நடந்துகொண்டே இருக்கிறது. ஒரு விளையாட்டு மனிதனை இவ்வளவு நாள் சிந்திக்க வைக்குமானால், அதன் அமைப்பில் உண்மை இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

லீக் டூவின் பருவம் நீண்டது. பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்கள் என்றால் இங்கே 46. அதோடு கோப்பைப் போட்டிகளும் சேர்கின்றன. சனிக்கிழமை ஆடிக் களைத்த கால்கள் செவ்வாய்க்கிழமை மறுபடி ஓட வேண்டும். இதற்காக ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உடல் வலிமை, ஆட்டக் கூர்மை என்று இரண்டு அளவுகளை விளையாட்டு வைத்திருக்கிறது. பயிற்சியை மிகுவித்தால் கூர்மை ஏறி வலிமை குறைகிறது; ஓய்வு கொடுத்தால் வலிமை ஏறிக் கூர்மை மழுங்குகிறது. இருபத்தைந்து பேர் கொண்ட பெரிய அணிக்கு இது சிறு கவலை. பதினாறு பேரை மட்டுமே நம்பத்தக்க சிறிய அணிக்கோ டிசம்பர் மாதம் முழுவதும் இதுவே நித்தியக் கவலையாகிறது.

எஃப்சி 24இல் புதிதாகச் சேர்க்கப்பட்ட பயிற்சியாளர் ஏற்பாடு இங்கே மிகவும் பயன்படுகிறது. தாக்குதல், நடுக்களம், தற்காப்பு, கோல்கீப்பிங் என்ற நான்கு துறைகளுக்கும் தனித்தனியே பயிற்சியாளரை நியமிக்கலாம். கழகம் எந்தப் பாணியில் ஆட வேண்டும் என்பதைக் குறுகிய பாஸ்களால் பின்னும் பாணி, எதிரியைத் துரத்தி அழுத்தும் பாணி, எதிர்த்தாக்குதல், சிறகுவழி ஆட்டம் முதலிய ஏழு பாணிகளிலிருந்து தேர்ந்துகொள்கிறோம். அந்தப் பாணியில் தேர்ந்த பயிற்சியாளர்கள் அமைந்தால் அவர்கள் கீழுள்ள ஆட்டக்காரர்கள் விரைவில் தேறுகிறார்கள். என் தற்காப்பு வரிசை மெதுவான கால்களை உடையது; ஆகவே, பின்னால் நின்று பந்தைப் பறித்து, வேகமான இரு சிறகுகளிடம் நீளமாக அனுப்பும் எதிர்த்தாக்குதலைக் கைக்கொண்டேன். அழகான பாணி ஒன்றைக் கனவு கண்டு வந்தவன், இருக்கிறவர்களுக்கு ஏற்ற பாணியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதே கீழ்ப்பிரிவு கொடுக்கும் முதல் கல்வி.

இளைஞர் பயிற்சிக்கூடம் இந்த விளையாட்டின் மிக இனிய பகுதி. திறமை தேடும் ஸ்கவுட்டுகளை வேலைக்கு அமர்த்தி, இன்ன தேசத்துக்குச் சென்று, மூன்று மாதமோ ஆறு மாதமோ ஒன்பது மாதமோ தங்கி, இன்ன வகையான ஆட்டக்காரனைத் தேடுக என்று அனுப்புகிறோம். ஒவ்வொரு ஸ்கவுட்டுக்கும் அனுபவம், மதிப்பிடும் ஆற்றல் என்ற இரண்டுக்கும் நட்சத்திரங்கள் உண்டு. ஐந்து நட்சத்திரக்காரரை அமர்த்த நம் பெட்டியில் பணம் இல்லை. மாதந்தோறும் வரும் அறிக்கையில் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவர்களின் பெயர்களும், அவர்கள் எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கான விரிந்த எல்லையும் இருக்கும். நாள் செல்லச் செல்ல அந்த எல்லை சுருங்கி உண்மை புலப்படும். அயர்லாந்திலிருந்து வந்த ஒரு சிறுவனை நான் முதல் பார்வையில் தள்ளிவிட எண்ணி, ஏனோ மனம் வராமல் வைத்திருந்தேன். இரண்டாம் பருவத்தின் வசந்தத்தில், இடப்புறத் தற்காப்பு ஆட்டக்காரர் காயமுற்றபோது அவனையே களத்தில் இறக்கினேன். நாங்கள் மூன்றாம் இடத்தைப் பிடித்து நேரடியாக லீக் ஒன்னுக்கு ஏறிய நாளிலும் அவன் களத்தில் இருந்தான். கோடிகள் கொடுத்து வாங்கிய எந்த நட்சத்திரமும் இத்தகைய ஆனந்தத்தை எனக்கு இதுவரையில் அளித்ததில்லை.

களத்தில் ஆடும் அனுபவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுபது மதிப்பெண் ஆட்டக்காரரின் காலில் பந்து வந்தால் அது அடங்குவதில்லை. ஓரடி தள்ளி ஓடுகிறது. நாற்பது கஜத்துக்கு அனுப்ப நினைத்த பந்து முப்பது கஜத்தில் விழுகிறது. உயர்ந்த அணிகளோடு பழகிய விரல்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டினாலும், சில வாரங்களில் ஆட்டத்தைப் புதிதாகக் கற்பிக்கிறது: பந்து வருமுன்பே அடுத்ததை யோசிக்க வேண்டும், அருகிலிருப்பவருக்கே கொடுக்க வேண்டும், கிடைத்த ஒரே ஒரு வாய்ப்பை வீணாக்கலாகாது. பாதி ஆட்டத்தை ஆறு நிமிஷமாக வைத்துக்கொண்டால் களைப்பும் அவசரமும் இயற்கையாக அமைகின்றன. தாமே ஆட விரும்பாதவர்கள், ஓரத்தில் நின்று பார்த்து உத்தரவு மட்டும் கொடுக்கும் வசதியும் இப்பதிப்பில் உண்டு.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். சிறிய கழகங்களின் சொந்த மைதானங்கள் இதில் பெரும்பாலும் இல்லை. சில ஆயிரம் பேரே அமரக்கூடிய, ஸ்டான்லியின் சொந்த மைதானமாகிய கிரவுன் கிரவுண்டுக்குப் பதிலாக, எந்த ஊருக்கும் உரியதல்லாத பொதுவான ஒரு மைதானத்தில் நம் கழகம் ஆடுகிறது. கீழ்ப்பிரிவு ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு அவர்களுடைய சொந்த முகமும் இல்லை. இளைஞர்கள் வளரும் வேகம் இயற்கைக்கு மிஞ்சியது. பொறுமையுள்ள மேனேஜர் நாலைந்து பருவங்களில் லீக் டூவின் சுவடே தெரியாத அணியைத் திரட்டிவிட முடியும்.

ஆயினும், இவையெல்லாம் சிறு குறைகள். பெருங்குறை வேறொன்று: லீக் டூவுக்குக் கீழே இவ்விளையாட்டில் ஒன்றுமே இல்லை. உண்மையில் 24 கழகங்களுள் கடைசி இரண்டும் லீக்கிலிருந்தே வெளியேறி நேஷனல் லீக்குக்குச் செல்ல வேண்டும். இங்கேயோ கடைசி இடத்தில் முடித்தவரும் அடுத்த ஆகஸ்டில் அதே பிரிவில் ஆடத் தொடங்குகிறார். நிர்வாகக் குழுவின் அதிருப்தியால் மேனேஜர் பதவி இழக்கலாம், கழகம் விழுவதில்லை. ஸ்டான்லியின் சரித்திரமோ விழுவதைப் பற்றியது. இல்லாமலே போய் மீண்டும் பிறந்ததைப் பற்றியது. லூட்டன் டவுன் 2009இல் லீக்கை விட்டு விழுந்து, ஐந்தாம் படியில் ஐந்து பருவங்கள் கிடந்து, 2014இல் மீண்டு, 2023இல் பிரீமியர் லீக்கை எட்டியது. அந்த லூட்டன் இதே எஃப்சி 24இல் பிரீமியர் லீக் கழகங்களின் வரிசையில் நிற்கிறது. ஆனால், லூட்டன் வந்த வழியின் அடிப்பகுதியை இவ்விளையாட்டில் நடந்து பார்க்க இயலாது. விழும் பயம் இல்லாத இடத்தில், ஏறும் மகிழ்ச்சியும் பாதியே.

ஸ்போர்ட்ஸ் இன்ட்டராக்ட்டிவ் நிறுவனத்தின் ஃபுட்பால் மேனேஜர் இவ்விஷயத்தில் ஒரு படி மேலானது. அதில் இங்கிலாந்தின் ஆறாவது படி வரையில் இறங்கி நிர்வாகம் செய்யலாம். ஆனால் அதில் பந்தை நம் கையால் ஆட முடியாது. கணக்கிலும் ஆலோசனையிலும் சந்தோஷம் காண்பவர்களுக்கே அது உரியது. திட்டமிடுவதும் வேண்டும், கடைசி நிமிஷத்தில் தம் கையாலேயே கோலும் அடிக்க வேண்டும் என்பவர்களுக்கு எஃப்சி 24இன் கேரியர் மோடே தக்கது.

ஆகவே, என் தீர்ப்பு இது: செல்வந்தக் கழகத்தை எடுத்து ஆடுவோருக்கு இப்பகுதி சில வாரங்களில் சலித்துப்போகும், கீழ்ப்பிரிவுக் கழகத்தை எடுத்து, பணவரவை மறுத்து, உள்ளதைக் கொண்டு நடத்த முன்வருவோருக்கு இது மாதக்கணக்கில் வற்றாத ஊற்று. விளையாட்டு வைக்கத் தவறிய ஒரு விதியை மட்டும் வாசகர்கள் தாமே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பருவத்தின் முடிவில் உங்கள் கழகம் கடைசி இரண்டு இடங்களில் ஒன்றில் நின்றால், அன்றே பொறுப்பை விட்டு விலகி, வேறொரு கழகத்தில் முதலிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு விதி இருந்தால், ஏப்ரல் மாதத்தின் ஒவ்வோர் ஆட்டமும், 1962இல் ஒரு நகரம் எதை இழந்தது என்பதை உங்களுக்கு உணர்த்தும்.