நிறமற்ற ஊரும் நிறம் கட்டிய மணிக்கட்டும்

லோயிஸ் லௌரி 1993இல் எழுதிய 'தி கிவர்' நாவலில் நிறம் ஒரு ஆப்பிள் வழியாக நுழைகிறது. பன்னிரண்டு வயதை நெருங்கும் ஜோனஸ் தன் நண்பன் ஆஷரோடு பழத்தை வீசிப் பிடித்து விளையாடும்போது, அது கணநேரம் வேறு மாதிரி தெரிகிறது. எப்படி வேறு மாதிரி என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஊரில் யாருக்குமே நிறம் தெரியாது. மேடு பள்ளம் இல்லை, மழை வெயிலின் ஏற்ற இறக்கம் இல்லை, பசி இல்லை, பன்னிரண்டாம் வயதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை ஒதுக்கப்படும். போர், வலி, காதல், வண்ணம் எல்லாவற்றின் ஞாபகமும் ஒரே ஒரு முதியவரிடம் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது, ஜோனஸ் அவருடைய வாரிசாகத் தேர்வாகிறான். அடுத்த ஆண்டே நியூபெரி பதக்கம் பெற்ற இந்தச் சிறிய புத்தகம், எதிர்காலத்தை அச்சத்தோடு பார்க்கும் இளையோர் கதைகளுக்கு ஓர் அச்சு வார்த்துத் தந்தது: ஒரே மாதிரி ஆக்கப்பட்ட சமூகம், அதில் விழித்துக்கொள்ளும் ஒரு பிள்ளை, முடிவில் வெளியேற்றம்.

இந்த அச்சின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சுகத்துக்கு என்ன விலை என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன சிறார் நாவல்கள் குறைவு. இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை ஜோனஸின் அப்பா ஊசி போட்டுக் கொல்கிறார், அதுவும் கொஞ்சும் குரலில் பேசிக்கொண்டே. அவர் கொடியவர் இல்லை. சாவு என்றால் என்ன என்ற ஞாபகமே அவருக்கு இல்லை, அவ்வளவுதான். ஞாபகம் இல்லாத இடத்தில் நல்லவரும் கொலைகாரர் ஆகலாம் என்பதை எந்த நீதிபோதனையும் இல்லாமல் அந்த ஒரு பக்கம் காட்டிவிடுகிறது. பிறப்பு எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கும்போது, முதியவர் பழைய பஞ்சத்தின் ஞாபகத்திலிருந்து வேண்டாம் என்கிறார். ஞாபகம் என்பது ஏக்கம் அல்ல, முடிவெடுக்கும் கருவி. பன்னிரண்டு வயது வாசகருக்கு இதை உணர்த்துவது பெரிய காரியம்.

ஆனால் நாவலின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: ஞாபகம் நல்லது, ஒருமாதிரித்தன்மை கெட்டது, இரண்டுக்கும் நடுவே தனிமனிதன் தனியாகப் போராடுகிறான். இந்தக் கணக்கைக் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கை போன்ற நெசவாளர் பகுதியில் வைத்துப் பார்த்தால் எங்கேயோ இடிக்கிறது. கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் வேறு வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்தவரால் மட்டும் இது முடியாது, பக்கத்தில் ஒருவர் இருந்து கரை நாடாவை வாங்கிக் கொடுக்க வேண்டும். இந்த வேலையின் ஞாபகம் எந்த ஒரு தலைக்குள்ளும் இல்லை. நான்கு கைகளுக்கு நடுவே, பழகிப்போன ஒரு தாளத்தில் இருக்கிறது. புடவையின் உடலோ ஒரே இழையை ஒரே மாதிரி ஆயிரக்கணக்கான தடவை அடித்து எழுப்பப்படுவது. அந்தச் சலிப்பூட்டும் ஒருமாதிரித்தன்மை சரியாக அமைந்தால்தான் கரையின் மயிலும் முந்தியின் ஜரிகையும் எடுப்பாகத் தெரியும். ஒருமாதிரித்தன்மை ஞாபகத்துக்கு எதிரி என்ற லௌரியின் எதிர்நிலை தறிக்குழியில் செல்லுபடியாகாது. அங்கே திரும்பத் திரும்பச் செய்வதுதான் நினைவில் வைத்திருக்கும் வழி.

இதைச் சொல்லிவிட்டு நெசவின் பெருமையில் இளைப்பாற முடியாது. கரை நாடாவை வாங்கிக் கொடுத்த அந்தப் பக்கத்து ஆள் பல காலம் ஒரு சிறு பிள்ளையாக இருந்தது. வீட்டார் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகத் தறியில் கட்டிப்போடப்பட்ட பிள்ளைகளைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் சேர்த்து ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை 2003இல் வெளிவந்தது. ஜோனஸ் சுமப்பது தேர்ந்தெடுக்கப்பட்டவனின் சுமை, அதில் துயரம் இருந்தாலும் ஒரு மகுடமும் இருக்கிறது. கடனுக்காக நாடா தள்ளிய பிள்ளையின் தலையிலும் ஒரு மரபின் ஞாபகம்தான் ஏற்றப்பட்டது. அதற்கு மகுடம் கிடையாது. ஞாபகத்தைச் சுமப்பவர் யார், சுமக்கவைப்பவர் யார், கூலி எவ்வளவு என்ற கேள்விகளை 'தி கிவர்' கேட்பதே இல்லை.

வேலை ஒதுக்கும் விஷயத்தில் இந்த இடைவெளி இன்னும் அகலம். பன்னிரண்டாம் வயதில் பெரியவர்கள் கூடி ஒரு பிள்ளையின் வாழ்நாள் தொழிலை முடிவு செய்வதை நாவல் ஒரு கொடுங்கனவாக வைக்கிறது. தமிழ்நாட்டில் அது கற்பனை அல்ல. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரையின் தி.மு.க. அவ்வாண்டு ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தத் திட்டத்துக்கு எதிரானது. 1954இல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் திட்டத்துக்குச் சொல்லப்பட்ட நியாயம் ஞாபகம்தான்: கைத்தொழிலின் பரம்பரை அறிவு அழியக் கூடாது. லௌரியின் ஊர் ஞாபகத்தை அழித்துப் பிள்ளைகளுக்கு வேலை ஒதுக்குகிறது, நம் ஊர் ஞாபகத்தைக் காட்டி ஒதுக்கப் பார்த்தது. ஒப்பிட்டால், பெற்றோர் யார் என்று பாராமல் பிள்ளையைப் பல ஆண்டு கவனித்து வேலை தரும் லௌரியின் ஊர் ஒரு வகையில் முற்போக்கானது. இப்படிச் சொல்வது விபரீதமாகத் தோன்றலாம். தறிக்குழியிலிருந்து எழுந்து அலுவலகத்துக்குப் போக ஒரு தலைமுறை பட்ட பாட்டை நினைத்துப் பார்த்தால் தோன்றாது.

நிறத்துக்கு வருகிறேன். நாவலில் நிறம் திரும்புவது விடுதலை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள், வெட்டியவர்கள் அதே பள்ளி மாணவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை எடுக்க வேண்டும் என்ற பரிந்துரைகள் இருந்தன. இன்ன நிறக் கயிறு இன்ன சாதி என்று வகுப்பறையே அறிந்திருக்கும் இடத்தில், நிறம் தெரியாமல் போவது இழப்பா? அந்தக் கயிறு ஒரு ஞாபகம்தான். தாத்தன் யாரிடம் கைகட்டி நின்றான், யாரை நிற்கவைத்தான் என்ற ஞாபகம். அதை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே சட்டை போட்டுவிடுவது லௌரியின் கண்ணில் கொடுங்கோன்மையின் சாயல். இலவசச் சீருடையால் பள்ளி வாசலை மிதிக்க முடிந்த குடும்பங்களுக்கு அது அப்படித் தெரிந்திருக்காது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். ஒன்று, இது உருவகக் கதை, அமெரிக்கப் புறநகரின் மழுங்கிய சுகவாழ்வை நினைத்து எழுதப்பட்டது, அதைத் தமிழ்நாட்டுச் சாதிக் கணக்கில் நிறுத்துப் பார்ப்பது முறையா? உருவகம் என்பதாலேயே முறை என்பேன். எந்த ஊருக்கும் பொருந்தும் என்ற உரிமையோடுதான் அது தேதியும் இடமும் இல்லாமல் நிற்கிறது. அப்படி நிற்கும் கதையை எந்த ஊரில் வைத்தும் சோதிக்கலாம். மேலும் கதைக்கு உள்ளேயே ஒரு விரிசல் இருக்கிறது. ஜோனஸ், முதியவர், ஜோனஸ் காப்பாற்றத் துடிக்கும் குழந்தை கேப்ரியேல் மூவருக்கும் அந்த ஊரில் அரிதான வெளிறிய கண்கள். மற்றவர் காணாததைக் காணும், 'அப்பால் பார்க்கும்' திறன் அந்தக் கண்களோடு வருகிறது. தனித்தன்மைக்காக வாதாடும் நாவல் அந்தத் தனித்தன்மையைப் பிறப்பு அடையாளத்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடுகிறது. ஆஷருக்கு அந்தக் கண் இல்லை, ஆகவே அவன் விழித்துக்கொள்ள வழியே இல்லை. பிறப்பால் தகுதி என்பதைக் கேட்டுச் சலித்த ஒரு சமூகத்தின் வாசகர் இந்த இடத்தில் புருவம் உயர்த்தாமல் இருக்க முடியாது.

இரண்டாம் மறுப்பு கனமானது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது ஒரு பிள்ளையின் தலைக்குள் எல்லாவற்றையும் வைத்தால்தானே கதை ஓடும், கூட்டு ஞாபகம், கூலி, கடன் என்று போனால் அது அறிக்கை ஆகிவிடாதா? இதற்கு லௌரியே பதில் எழுதியிருக்கிறார். 2000இல் வந்த 'கேதரிங் புளூ' அதே வயது வாசகருக்கானது. கால் ஊனமான அநாதைப் பெண் கீரா தையல் வேலையில் கெட்டிக்காரி என்பதால் சாவிலிருந்து தப்புகிறாள். உலகின் வரலாறு முழுக்க நூலால் பின்னப்பட்ட ஓர் அங்கியைச் செப்பனிடுவது அவள் வேலை. ஆண்டுக்கொரு முறை அதை அணிந்து பாடகர் அந்த வரலாற்றைப் பாடுவார். இங்கே ஞாபகம் துணியில் இருக்கிறது, கிழவி ஒருத்தி சாயச் செடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது. அதைக் காக்கும் பெரிய மனிதர்கள் பாடகரின் கணுக்காலில் சங்கிலி பூட்டியிருக்கிறார்கள். அடுத்த பாடகியாக வளர்க்கப்படும் ஜோ என்னும் சிறுமி பூட்டிய அறையில் இரவில் அழுகிறாள். கலையைப் போற்றுவதும் கலைஞரைச் சிறைவைப்பதும் ஒரே கையின் வேலையாக இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அறிக்கையும் சொல்லவில்லை, கதையும் தடைபடாமல் ஓடுகிறது. கீராவின் விரலுக்கும் ஏதோ பிறவி வரம் இருப்பதாகக் காட்டுவது பழைய பலவீனம்தான். ஆனால் வெளியேற வாய்ப்புக் கிடைத்தும் அவள் போகவில்லை. அங்கியில் வெறுமையாய் விடப்பட்டிருக்கும் தோள்பகுதியில் வருங்காலத்தைத் தானே பின்னுவதற்காக ஊரிலேயே தங்குகிறாள்.

வெளியேறுவதா, தங்குவதா என்பது ஓரிக்கைக்குப் பழைய கேள்வி. திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் பல்லவ மன்னனைப் பாட மறுத்ததால் நாடுகடத்தப்பட, குருவும் உடன் கிளம்ப, ஆழ்வார் சொல்லைக் கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போக, கச்சி, அதாவது காஞ்சிபுரம், இருண்டுபோனதாக ஐதிகம். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் இந்த ஊர். ஜோனஸின் வெளியேற்றத்தோடு சட்டகம் ஒத்துப்போகிறது: இணங்காதவர் போகிறார், ஊர் அதன் விளைவை அனுபவிக்கிறது. வேறுபாடு என்னவென்றால் கணிகண்ணன் தனியாகப் போகவில்லை, போனவர்கள் திரும்புகிறார்கள், திரும்பிப் படுத்த பெருமாள் வழக்கத்துக்கு மாறான திசையில் படுத்திருப்பது நடந்ததற்கு அடையாளமாக இன்றும் கோயிலில் இருக்கிறது. இந்தக் கதையையும் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. மன்னன் மன்னிப்புக் கேட்டதோடு தப்பிவிடுகிறான், அவனுடைய அதிகாரம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் மறுத்தவர் அதே ஊரில் அதே மன்னனோடு மறுபடி வாழ வேண்டியிருக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. 'தி கிவர்' அந்த இடத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஜோனஸ் பனியில் சறுக்கிப் போகிறான், அவன் விட்டுச்சென்ற ஞாபகங்கள் ஊராரின் மேல் விழுந்திருக்கும், அவர்களைத் தேற்றவென்று முதியவர் மட்டும் பின்னால் தங்குகிறார். அவர் என்ன செய்தார் என்பதை நாவல் காட்டுவதில்லை. என்னைக் கேட்டால், கடினமான கதை அங்கேதான் இருந்தது.

ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றைத்தான் முதலில் கொடுக்கலாம் என்றால் 'கேதரிங் புளூ'வைக் கொடுப்பேன். 'தி கிவர்' ஓராண்டு பொறுக்கட்டும். அதை வகுப்பில் வாசிக்கும் நாளில், நிறம் திரும்பி வரும் பக்கத்தில் ஆசிரியர் நிறுத்தி, மணிக்கட்டுக் கயிறுகளைப் பற்றியும் பேசவிட வேண்டும்.