கான்ராட் ரிக்டரின் காடு

சாகச நாவலுக்கும் அதன் வாசகனுக்கும் இடையே எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. பையன் வீட்டைப் பிரிவான், ஆபத்துகளைக் கடப்பான், கடைசிச் சோதனையில் தேறுவான், அதற்குக் கூலியாக ஒரு வீடும் ஆண்மகன் என்ற அந்தஸ்தும் அவனுக்குக் கிடைக்கும். கான்ராட் ரிக்டர் 1953ல் எழுதிய 'தி லைட் இன் தி ஃபாரஸ்ட்' கடைசிப் பக்கங்களில் இந்த ஒப்பந்தத்தை மீறுகிறது. அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக வைக்கப்படும் சிறு நாவல் என்பதால் இதை ஒதுக்கிவிடத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

நாவலின் அடியில் இருப்பது ஒரு சரித்திரத் தகவல். 1764ல் கர்னல் ஹென்றி பூக்கே ஓஹையோ பிரதேசத்தில் மஸ்கிங்கம் நதிவரை படையுடன் சென்று, செவ்விந்தியர்களிடமிருந்த வெள்ளைக் கைதிகள் அனைவரையும் ஒப்படைக்கச் சொன்னார். இருநூறு பேருக்கு மேல் ஒப்படைக்கப்பட்டார்கள். குழந்தைகளாகப் பிடிபட்டு அங்கேயே வளர்ந்தவர்களுக்கு அது விடுதலையாகப் படவில்லை. சிலரைக் கட்டித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சிலர் தப்பித் திரும்பவும் காட்டுக்கே ஓடினார்கள்.

ரிக்டரின் பையன் நான்கு வயதில் பிடிபட்டவன். லெனி லெனாபி இனத்துக் குயிலோகா அவனை மகனாக எடுத்துக்கொண்டு 'ட்ரூ ஸன்', அதாவது உண்மையான மகன், என்று பெயரிடுகிறான். பதினைந்து வயதில் அவன் பென்ஸில்வேனியாவில் பாக்ஸ்டன் குடியிருப்புக்குப் பெற்றோரிடம் கொண்டுவரப்படுகிறான். இங்கே அவன் ஜான் பட்லர். இந்த வீட்டின் உடைகளும் பாஷையும் அவனுக்குச் சிறை. ஒட்டிக்கொள்வது தம்பி கார்டியிடம் மட்டும்தான்.

ரிக்டர் பாக்ஸ்டனைத் தேர்ந்தெடுத்தது காரணத்தோடுதான். 1763 டிசம்பரில் பாக்ஸ்டன் ஆட்கள் கானஸ்டோகா இந்தியர்கள் இருபது பேரை இரண்டு தடவையாகக் கொன்றார்கள். இரண்டாம் தடவை கொல்லப்பட்டவர்கள் லங்காஸ்டரில் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டிருந்தவர்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். நாவலில் பையனின் உறவினன் வில்ஸ் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். வெள்ளையர்களிடம் பையன் வைக்கும் வாதம் ஒன்றுதான்: எங்கள் மக்கள் குழந்தைகளைக் கொல்வதில்லை.

நாவலின் முகப்பில் வேர்ட்ஸ்வர்த்தின் 'இம்மார்ட்டாலிட்டி ஓட்' கவிதையின் வரிகள் இருக்கின்றன. பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கவிதை: குழந்தையிடம் இருக்கும் ஒளி வளர வளர மங்குகிறது, சிறையின் நிழல் கவிகிறது. ரிக்டரின் திட்டம் இதிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. காடு பால்யம், குடியிருப்பு சிறை. லெனாபிகள் வெள்ளையன் தொலைத்துவிட்ட குழந்தைப்பருவமாகிவிடுகிறார்கள். பார்வைக்கு இது மரியாதை. உண்மையில் ஒரு ஜனத்தை இன்னொரு ஜனத்தின் ஏக்கமாகக் கரைத்துவிடும் காரியம். பால்யத்துக்கு நிலம் தேவையில்லை, லெனாபிகளுக்குத் தேவைப்பட்டது. இந்தத் திட்டம் தூக்கலாகத் தெரியும் பக்கங்கள் எல்லாம் பலவீனமானவை. குயிலோகா வாய் திறந்தால் ரிக்டரின் ஆங்கிலம் மேடையேறிவிடுகிறது. வெள்ளையர்களில் பலர் ஒரே ஒரு குணத்தைச் சுமந்துகொண்டு வந்து போகிறார்கள்.

ஆனால் நாவலாசிரியர் ரிக்டர் கடைசியில் சிந்தனையாளர் ரிக்டரை மீறிவிடுகிறார். பையனைத் தேடி வந்த நண்பர்களில் லிட்டில் க்ரேன் கொல்லப்படுகிறான். பையன் வில்ஸைத் தாக்கிவிட்டு ஹாஃப் ஆரோவுடன் காட்டுக்குத் தப்புகிறான். பழிவாங்க ஒரு கூட்டம் கிளம்புகிறது; பையனும் போகிறான். முதல் தாக்குதலில் கொண்டுவரப்பட்ட தலைத்தோல்களில் ஒன்று ஒரு குழந்தையுடையது. பாக்ஸ்டனில் அவன் வைத்த வாதம் அங்கே முடிந்துபோகிறது. இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதாமல் ரிக்டர் மேலே நகர்கிறார். வேர்ட்ஸ்வர்த்தின் ஒளி அணைவது வெள்ளையரின் குடியிருப்பில் அல்ல, காட்டில்.

அடுத்து, வெள்ளையர் படகு ஒன்றைக் கரைக்கு இழுக்க, அவனுக்கு வெள்ளையர் உடை மாட்டி ஆற்றில் நிறுத்துகிறார்கள். படகு நெருங்குகிறது. அதில் கார்டியைப் போல ஒரு குழந்தை. பதுங்கியிருப்பவர்களைப் பற்றிக் கத்தி எச்சரித்துவிடுகிறான். அவனை எரித்துவிட வேண்டும் என்கிறது கூட்டம். குயிலோகா எதிர்த்து நின்று காப்பாற்றுகிறான். பிறகு வெள்ளையர் பாதைக்குப் போகும் ஆற்றுத்துறைவரை கொண்டுவந்து விட்டு, மகன் இல்லை என்று அறுத்துவிட்டுப் போகிறான். பாக்ஸ்டனுக்கும் அவன் திரும்பமுடியாது. இனித் தனக்கு யார் தகப்பன் என்ற நிலையில் நாவல் நின்றுவிடுகிறது.

அவன் கத்தியது வெள்ளையர் பக்கம் நியாயம் இருப்பதாகக் கண்டுகொண்டதால் அல்ல. ஒரு முகச்சாயல், அவ்வளவுதான். சரியான காரியத்தைச் செய்ததற்கு நாவல் அவனுக்குக் கூலி எதுவும் கொடுக்கவில்லை. இருந்த இரண்டு வீடுகளையும் பிடுங்கிக்கொள்கிறது. 1958ல் டிஸ்னி நிறுவனம் இதைப் படமாக எடுத்தபோது பையனுக்கு ஒரு வெள்ளைக்காரக் காதலியைக் கொடுத்து அந்தப் பக்கமே தங்கவைத்தது. ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டது.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். முதல் தடவை படித்தபோது, படகு கரையை நெருங்கும் இடத்தில், அது மாட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் விரும்பினேன். நூற்றுச்சொச்சம் பக்கங்கள் பையனோடு இருந்து, பாக்ஸ்டனை அவனோடு சேர்ந்து வெறுத்துப் பழகியிருந்தேன். படகில் குழந்தை இருப்பதைப் படித்த பிறகும் அந்த விருப்பம் உடனே போகவில்லை. அவன் கத்திவிட்டான். கத்தியபோது, என்னைவிட இருபது வயது சிறியவன் என்னை எங்கே விட்டுவிட்டுப் போகிறான் என்று தெரிந்தது. பட்சம் சேர்ந்துகொள்வதையே அறம் என்று நினைத்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.