வந்த ஊரும் வாழ்ந்த ஊரும்: ப. சிங்காரத்தின் இரு நாவல்கள்

பொருள் தேடக் கடல் கடந்து செல்லலாம் என்று ஔவையார் தமிழர்க்கு என்றோ வழிகாட்டினார். சென்றவர் சென்ற ஊரோடு எவ்வாறு ஒன்றி வாழ்வது என்னும் வினாவைப் பின்வந்த எழுத்தாளர்களே ஆராய வேண்டியதாயிற்று. அவ்வாறு ஆராய்ந்தவர்களுள் ப. சிங்காரம் குறிப்பிடத்தக்கவர்.

சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்த சிங்காரம், 1938இல் சுமத்ராவின் மெடான் நகருக்குச் சென்று வட்டிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். 1946இல் தாயகம் திரும்பினார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ 1959இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972இலும் நூலாக வெளிவந்தன. இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தென்கிழக்காசியாவே இரண்டுக்கும் களம்.

இந்நாவல்களில் வட்டிக்கடை வெறும் தொழிலிடமன்று; ஊரினின்று பெயர்த்துக் கொணரப்பட்ட ஒரு சிற்றுலகம். பெட்டியடிப் பையனாக நுழைபவன் அடுத்தாளாகிப் பின் மேலாளாக உயர்வான். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்புவது அத்தொழிலின் வழக்கம். அவன் மலாய் மொழி அறிவான்; கடன் வசூலுக்கு அது வேண்டும். நகரத்துத் தெருக்களை அறிவான். கடன்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். எனினும், அவன் மனம் குடியிருப்பது பிறந்த ஊரில். மொழியறிவும் இடமறிவும் மட்டுமே ஒருவனை ஒரு நகரத்தவன் ஆக்கிவிடா என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பினாங்கில் வயிராமுத்துப் பிள்ளையின் கடையில் பணிபுரிந்த செல்லையா, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்து மீண்டவனுக்குத் தம் மகள் மரகதத்தைக் கொடுக்கப் பிள்ளை இசையவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் வட்டித்தொழிலுக்கு ஆகான் என்பது அவர் முடிவு. 1941 டிசம்பரில் பினாங்கின்மீது குண்டுகள் விழுந்தன. ஆட்சி இருமுறை கைமாறியது. ஆயினும், கடைக்குள் மனிதரை மதிப்பிடும் அளவுகோல் மாறவில்லை. செல்லையாவின் காதல் தோல்விக்குள் இவ்வுண்மை அடங்கியிருக்கிறது.

‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியன் வேறு வகையினன். அவனும் கடைவாழ்விலிருந்து போருக்குச் சென்றவனே. ஆயின், இறுதியில் அவன் டச்சுக்காரரை எதிர்த்த இந்தோனேசிய விடுதலைப் போராளிகளோடு சேர்ந்து, அம்மண்ணிலேயே உயிர் துறக்கிறான். வந்த நாட்டின் துயரைத் தன் துயராகக் கொண்டவன் அவன். ஆனால், அவ்வுறவுக்கு அவன் கொடுத்த விலை உயிர்.

ஒருவன் ஒன்றவில்லை, மற்றவன் மாண்டு ஒன்றினான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இயல்பான வாழ்வு இந்நாவல்களில் விரிவு பெறவில்லை. அண்டை வீட்டாரோடு கொள்ளும் நல்லுறவு, உள்ளூர்ப் பள்ளியில் பயிலும் பிள்ளை, அந்நகரத்தின் நாளைய நலம் பற்றிய கவலை ஆகியவை போதிய இடம் பெறவில்லை. இதனை ஆசிரியரின் குறை என்று மட்டும் தள்ளிவிடலாகாது. அன்றைய பினாங்கை ஆண்டவர் ஆங்கிலேயர். மெடானை ஆண்டவர் டச்சுக்காரர். மண்ணின் மக்களே தம் வீட்டில் உரிமையற்றிருந்தபோது, வந்தவரை வரவேற்கக் கதவைத் திறப்பவர் யார்? ஒன்றி வாழ்தல் வந்தவரின் கடமை மட்டுமன்று. ஏற்கும் நாட்டில் உரிமையும் நீதியும் நிலவுதல் அதற்கு முதற்படி.

1957இல் மலாயா விடுதலை பெற்றது. குடியுரிமை பெற்று நிலைத்தவர்க்குத் திரும்பிச் செல்லும் கணக்கு முடிந்து, தங்கி வாழும் கணக்கு தொடங்கியது. சிங்காரம் சொல்லாமல் விட்ட இடைப்பட்ட வாழ்வு இங்கே வாழப்பட்டது. அதனை எழுதும் பொறுப்பு இந்நாட்டு எழுத்தாளர்க்கு உரியது. இந்நாவல்களைப் பயிற்றும் ஆசிரியர், “செல்லையா இந்நாளில் வாழ்ந்திருந்தால் எவ்வூரைத் தன் ஊர் என்பான்?” என்று மாணவரை வினவட்டும். அவர்கள் கூறும் விடையில் அடுத்த நாவலுக்கான வித்து கிடைக்கக்கூடும்.