பயணம் என்னும் சொல்: செலவும் மீட்சியும்

ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்துக்குச் செல்லுதலைக் குறிக்கச் செலவு, பயணம், பிரயாணம், யாத்திரை எனப் பல சொற்கள் தமிழில் வழங்கிவந்துள்ளன. இவற்றை ஒருபொருட் பன்மொழியாக மட்டும் கொள்வது பொருந்தாது. திருக்கோவில் முதல் கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களின் வழக்கை நோக்கும்போது, பயணம் என்பது கடந்த தூரத்தின் பெயரன்று, போகின்றவனுக்கும் இருப்பவர்க்கும் இடையிலான ஓர் உடன்பாட்டின் பெயர் என்பது புலனாகும்.

இவற்றுள் பழந்தமிழ்ச் சொல் 'செலவு'. 'செல்' என்னும் அடியினின்று பிறந்த இச்சொல் பண்டு போதலையே குறித்தது. பொருள் தேடப் புறப்படும் தலைவன் தலைவியின் துயர் கண்டு தயங்குதலைச் 'செலவழுங்கல்' என்றனர் அகப்பொருள் நூலார். போதல் தனியொருவன் முடிவன்று என்பது இத்துறையின் உட்கிடை. பிற்காலத்தே பயணம் வடமொழிவழி வந்து வழக்கூன்றியது. செலவோ கையைவிட்டுப் போகும் பணத்துக்கு உரியதாயிற்று. இன்று 'வழிச்செலவு' என்றால் பணமே நினைவுக்கு வருகின்றது.

பழைய உட்கிடையோ அழிந்துவிடவில்லை. இலங்கை முஸ்லிம்களிடையே ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் உற்றார் அயலார் வீடுகளுக்குச் சென்று 'பயணம் சொல்லும்' வழக்கம் உண்டு. அறிவித்தல் மட்டும் அதன் நோக்கமன்று. கொடுக்கல் வாங்கலைத் தீர்ப்பதும், மனத்தாங்கல் இருப்பின் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்பதும் அதனுள் அடங்கும். சொல்லாமற் போதல் போக்காகலாம், இவ்வழக்கிற் பயணமாகாது.

மார்க்கச் சட்டமும் இதற்கு இயைந்து நிற்கின்றது. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, தொழுகையைச் சுருக்கும் சலுகையைப் பெறுவதற்கு முஸாபிர் குறித்த தூரத்தைக் கடப்பது மட்டும் போதாது. செல்லுமிடம் தெரிந்திருத்தல் வேண்டும். நோக்கம் பாவமானதாக இருத்தலாகாது. இலக்கின்றி அலைபவனுக்கு, எத்துணைத் தொலைவு நடப்பினும், அச்சலுகை இல்லை.

கதிர்காம யாத்திரையிலும் இவ்வியல்பைக் காணலாம். வடக்கேயிருந்து கரைவழியே நடந்துவரும் அடியார் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி ஆலயத்தில் தங்கி, பொத்துவில், உகந்தை கடந்து குமனைக் காட்டினுள் நுழைவர். போர்க்காலத்தில் இவ்வழி இடையறவுபட்டதுண்டு. எனினும் வழியிலுள்ள ஊரார் அடியார்க்கு அன்னமிடும் மரபு மறையவில்லை. யாத்திரை நடப்பவர்க்கு மட்டும் உரியதன்று, நில்லாது செல்வோரைத் தாங்கும் ஊருக்கும் உரியது. திரும்பி வருபவர் திருநீறு கொணர்வர். ஹாஜியார் ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் கொணர்வர். மீண்டமைக்கு அடையாளமான இப்பொருள்கள் போகாதவரையும் பயணத்திற் பங்காளராக்குகின்றன. 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்று விடைபெறுதலும் இதே கருத்தின் வெளிப்பாடாகும்.

'இறுதிப் பயணம்' இவ்விலக்கணத்தை மறுக்கின்றதே எனலாம். மீட்சியை எதிர்பார்க்கும் சொல்லை மீட்சியில்லாத போக்குக்கு ஏற்றுவதனாலேயே அத்தொடர் துயரத்தின் ஆழத்தைப் பெறுகின்றது. இது விலக்கு, விதியை உணர்த்தும் விலக்கு.

ஆனால் இன்றைய எழுத்தில் இச்சொல் ஆளப்படும் முறை வேறு. 'கலைப் பயணம்', 'அரசியல் பயணம்', 'வெற்றிப் பயணம்' என எதற்கும் அது ஒட்டப்படுகின்றது. இவை வெற்று அலங்காரம் என்று விட்டுவிடலாம். இடம்பெயர்ந்தோர் வாழ்வையும் 'துயரப் பயணம்' என்று எழுதுவதை அவ்வாறு விடவியலாது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் மிகப் பெரும் உயிர்ச்சேதத்தை விளைத்தது அம்பாறை மாவட்டத்திலேயே. கரையினின்று ஓடியவர் எவரிடமும் பயணம் சொல்லவில்லை, செல்லுமிடம் அறியார், மீள வீடும் பலர்க்கு இல்லை. போரின்போது ஊரைவிட்டு ஓடிய தமிழர், முஸ்லிம்கள் நிலையும் இதுவே. 'இடம்பெயர்வு', 'அகதி', 'முகாம்' ஆகிய சொற்கள் கரடுமுரடானவை. எனினும் நிகழ்ந்ததை மறைக்காதவை. அவற்றின் இடத்திற் பயணத்தை அமர்த்துங்கால், துரத்தப்பட்டவன் விரும்பிப் புறப்பட்டவன்போற் தோற்றமளிக்கின்றான்; துரத்தியது எது என்ற வினாவும் வாசகனின் மனத்தினின்று நழுவுகின்றது.

கிழக்கிலங்கை வாழ்வை எழுதும் ஆக்க இலக்கியகாரரும் அதனை மதிப்பிடும் திறனாய்வாளரும் இவ்வேறுபாட்டைப் பேணுதல் வேண்டும். சொல்லிப் புறப்படவும் திரும்பி வரவும் இயன்றவனின் போக்குக்கே பயணம் என்னும் பெயர் உரியது. அவ்விரண்டும் மறுக்கப்பட்டவனின் போக்குக்கு அதனை வழங்குவது, அவன் இழந்தவற்றை எழுத்திலும் இல்லையாக்குவதாகும்.